ஊரில் இருக்கும் நிலத்தைத் திரையில் பார்ப்பது எப்படி? பட்டா முதல் கிஸ்தி ரசீது வரை

ஊரில் அப்பா பெயரில் ஒரு ஏக்கரோ இரண்டு ஏக்கரோ இருக்கிறது, அது எந்தப் பக்கம், இப்போது யார் பெயரில் நிற்கிறது என்றே தெரியாது என்று சொல்லும் பிள்ளைகள் இன்று நிறையப் பேர். ஓய்வுக்குப் பிறகு கிராமத்தில் கொஞ்சம் நிலம் வாங்கிப்போடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் சேர்த்து, தமிழ்நாட்டுக் கிராம நிலக் கணக்கை முதன்முறையாகத் திறந்து பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். இந்தக் கணக்கு முழுவதும் வரி வசூலுக்காக எழுதப்பட்டது. 1792-க்குப் பிறகு இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியான பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடும் அவர் கீழிருந்த தாமஸ் மன்றோவும் இடைத்தரகர் இல்லாமல் உழவரிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை வளர்த்தெடுத்தார்கள். அதற்கு ஒவ்வொரு வயலையும் அளந்து, எண் போட்டு, மண்ணைத் தரம் பிரித்து, யாரிடம் எவ்வளவு வாங்குவது என்று எழுதி வைக்க வேண்டியிருந்தது. இன்று கைப்பேசியில் வரும் பட்டாவும் அதே ஏட்டின் தொடர்ச்சிதான். வரி இப்போது சில ரூபாய்தான். ஆனால் அதே ஏட்டைப் பார்த்துத்தான் பயிர்க் கடன், பயிர்க் காப்பீடு, நெல் கொள்முதல், நில எடுப்பு இழப்பீடு எல்லாம் நடக்கின்றன. பட்டா என்பது இந்த நிலத்துக்கு அரசு யாரைப் பொறுப்பாளராக வைத்திருக்கிறது என்று சொல்லும் காகிதம். உரிமை எப்படி வந்தது என்பதைப் பத்திரங்கள்தான் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே நம் வேலை.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம், புல எண். இந்த நான்கும் தெரிந்தால் போதும். புல எண்ணோடு உட்பிரிவும் வேண்டும். 142 என்பது ஒரு பெரிய புலம். உங்களுடையது அதில் 142/3பி-யாக இருக்கலாம். பட்டா எண் தெரிந்தால் அதை வைத்தும் தேடலாம்.

இங்கேயே பலர் சிக்கிக்கொள்கிறார்கள். நாம் ஊர் என்று சொல்வது பெரும்பாலும் ஒரு குக்கிராமம். வருவாய்த் துறையின் பட்டியலில் அது வேறு பெயருள்ள வருவாய் கிராமத்துக்குள் அடங்கியிருக்கும். ஊராட்சியின் பெயரும் வேறாக இருக்கலாம். அதோடு மாவட்டங்கள் பிரிந்ததும் சேர்ந்துகொள்கிறது. 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு ஆகியவை தனி மாவட்டங்கள் ஆயின, 2020-இல் மயிலாடுதுறை. உங்கள் பத்திரத்தில் திருநெல்வேலி மாவட்டம், தென்காசி தாலுகா என்று இருந்தால் இணையத்தில் தென்காசி மாவட்டத்தில்தான் தேட வேண்டும். பத்திரத்தில் பதிவு மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம் என்றும் எழுதியிருப்பார்கள். அது பதிவுத் துறையின் எல்லை, வருவாய் வட்டத்தோடு பொருந்தாமலும் இருக்கும். குழப்பமாக இருந்தால் பழைய கிஸ்தி ரசீது, அதாவது நிலவரி கட்டிய ரசீது, ஒன்றைத் தேடுங்கள். அதில் வருவாய் கிராமத்தின் பெயரும் பட்டா எண்ணும் இருக்கும்.

சிட்டாவை எடுத்து வரிவரியாகப் படியுங்கள்

தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் பட்டா, சிட்டா விவரம் பார்க்கும் பகுதி இருக்கிறது. சிட்டா என்பது ஒருவர் பெயரில் உள்ள நிலங்களின் பரப்பையும் வகையையும் காட்டும் கணக்கு. முன்பு பட்டா தனி, சிட்டா தனி. இப்போது இரண்டும் ஒரே தாளில் வந்துவிடுகின்றன. மாவட்டம், வட்டம், கிராமம், எண் எல்லாம் கொடுத்தால் ஆவணம் திறக்கும். பார்க்கக் காசு கிடையாது.

திறந்ததும் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். புல எண் 142, உட்பிரிவு 3பி, புன்செய் பத்தியில் பரப்பு 0 - 48.50, அதன் பக்கத்தில் தீர்வை (நிலவரி) என்று ஒரு சிறு தொகை, நன்செய் பத்தி காலி. பரப்பு ஹெக்டேர், ஏர் என்ற அளவில் இருக்கிறது. கோட்டுக்கு முன்னால் ஹெக்டேர், பின்னால் ஏர். நூறு ஏர் ஒரு ஹெக்டேர். ஓர் ஏக்கர் என்பது 40.47 ஏர். ஆக ஏர் எண்ணிக்கையை 0.4047-ஆல் வகுத்தால் சென்ட் கிடைத்துவிடும். 48.50 ஏர் என்றால் ஏறத்தாழ 119.8 சென்ட். உங்கள் பழைய பத்திரத்தில் 1 ஏக்கர் 20 சென்ட் என்று இருந்தால் இது சரி. அளவை மாற்றும்போது கால் சென்ட் அப்படி இப்படி வருவது இயல்பு. பத்து சென்ட் குறைகிறது என்றால் அது அளவு மாற்றத்தால் வந்ததில்லை, தேடிப் பார்க்க வேண்டிய விஷயம்.

பெயர்ப் பகுதியில் உரிமையாளர் பெயரும் தந்தை அல்லது கணவர் பெயரும் இருக்கும். பல பெயர்கள் இருந்தால் அது கூட்டுப் பட்டா. கூட்டுப் பட்டாவில் தெரியும் பரப்பு எல்லோருக்கும் சேர்த்தது. யாருக்கு எவ்வளவு என்று அது சொல்லாது. 48.50 ஏரும் எங்களுடையது என்று ஒருவர் காட்டினால், மேலே நான்கு பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். நிலம் வாங்குகிறவர்கள் ஏமாறும் இடங்களில் இது முக்கியமானது. தனிப்பட்டா இல்லாமல் பொதுவில் ஒரு பங்கை வாங்கினால் வேலி போடும் நாளில்தான் பிரச்சினை தெரியும்.

தாளின் அடியில் ஒரு குறிப்பு எண்ணும் கியூஆர் கோடும் இருக்கும். வேறு யாராவது உங்களுக்கு அச்சிட்ட பட்டாவைக் கொடுத்தால், அந்தக் குறிப்பு எண்ணை அதே தளத்தில் போட்டு உண்மையா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். தாளை நம்பாதீர்கள், நீங்களே புதிதாக எடுத்துப் பாருங்கள். அப்பாவின் பீரோவில் இருந்த பட்டா உண்மையாகவே இருந்தாலும், அதற்குப் பிறகு கணக்கு மாறியிருக்கலாம்.

அ பதிவேடும் புலப்படமும்

அதே தளத்தில் அ பதிவேட்டின் விவரமும் கிடைக்கும். பட்டா ஆளை வைத்து எழுதப்பட்டது. அ பதிவேடு நிலத்தை வைத்து எழுதப்பட்டது. ஒவ்வொரு புலமும் நன்செயா புன்செயா, ரயத்துவாரியா அரசு நிலமா, மண் வகை என்ன, தரம் என்ன, தீர்வை விகிதம் என்ன என்று வரிசையாக இருக்கும். வாங்க நினைப்பவர்கள் தாங்கள் பார்க்கும் எண்ணை மட்டும் பார்க்காமல் அக்கம்பக்கத்து உட்பிரிவுகளையும் பார்க்க வேண்டும். பக்கத்துத் துண்டு வாய்க்கால் புறம்போக்கா, வண்டிப்பாதையா, மேய்க்காலா என்று அதில்தான் தெரியும். வயலுக்குப் போகும் வழி என்று காட்டப்படும் தடம் கணக்கில் பாதையாக இருக்கிறதா, அல்லது பக்கத்துக்காரர் பட்டா நிலத்தின் வரப்பா? பின்னதாக இருந்தால், அவர் மனம் வைத்தால்தான் வழி.

புலப்படம் என்பது அந்தப் புலத்தின் அளவுப் படம். ஊரில் எஃப்எம்பி என்று சொன்னால்தான் பலருக்கும் புரியும். ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் மீட்டரில் எழுதியிருக்கும். உட்பிரிவுகள் தனித்தனியாகத் தெரியும். படத்தைச் சுற்றிப் பக்கத்துப் புலங்களின் எண்கள் இருக்கும். அவற்றைப் பத்திரத்தில் இருக்கும் நான்கு எல்லையோடு பொருத்திப் பாருங்கள். வடக்கே வாய்க்கால் என்று பத்திரம் சொன்னால் படத்திலும் வடக்கே வாய்க்கால் வர வேண்டும். அப்புறம் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு நேரில் போய் நில்லுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. திரையில் கோடு நேராக இருக்கும். தரையில் பக்கத்து வயலின் வரப்பு நான்கு அடி உள்ளே வந்திருக்கும்.

அப்படி வந்திருந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். நில அளவைக்கு இணையத்திலேயே விண்ணப்பித்துக் கட்டணம் கட்டலாம், இ-சேவை மையத்திலும் செய்யலாம். சர்வேயர் வந்து அத்து, அதாவது எல்லை, காட்டுவார். பக்கத்துக்காரர்களுக்கும் முன்னதாக அறிவிப்புப் போகும். அவர்கள் இருக்கும்போது அளப்பதே நல்லது. இல்லாதபோது நட்ட கல் அடுத்த மழைக்குள் காணாமல் போவதும் உண்டு. அரசு நட்ட அளவைக் கல்லைப் பிடுங்குவது குற்றம்.

பதிவுத் துறையின் பக்கம்

இதுவரை பார்த்தது வருவாய்த் துறையின் ஏடு. பத்திரங்கள் பதிவுத் துறையில் இருக்கின்றன. ஒரு நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றை அந்தத் துறையின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதலான விவரங்கள் இணையத்தில் உண்டு. அதற்கு முன்னால் வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தேட வேண்டும்.

உட்பிரிவோடு ஒருமுறை தேடுங்கள். பிறகு உட்பிரிவு இல்லாமல் முழுப் புல எண்ணை மட்டும் போட்டுத் தேடுங்கள். பழைய எண் வேறாக இருந்தால் அதையும் போடுங்கள். 142/3பி என்று பிரிவதற்கு முன் நடந்த விற்பனையும் அடமானமும் 142/3 என்ற பெயரிலோ வெறும் 142 என்ற பெயரிலோதான் கிடக்கும். புதிய எண்ணை மட்டும் தேடிவிட்டு வில்லங்கம் இல்லை என்று நினைத்துக்கொள்வது ஆபத்து. வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டும்தான் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். பதியாத உயிலோ, கைமாறிய முன்பணமோ, நீதிமன்றத்தில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கோ அதில் வராமல் போகலாம்.

அரசுக்குப் பெரிய வருவாய் வருவதும் இந்த வாசலில்தான். விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்து 2023 ஏப்ரலில் 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. நிலத்துக்கு அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்குக் கீழே இந்தக் கணக்கைப் போட விடமாட்டார்கள். உங்கள் புல எண்ணுக்கு அது எவ்வளவு என்று அதே தளத்தில் பார்த்துவிட்டுப் பணத்தை ஏற்பாடு செய்யுங்கள்.

பெயர் மாற்றம்

பத்திரம் பதிந்ததோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பட்டாவில் பெயர் மாறினால்தான் முடிந்ததாக அர்த்தம். இப்போது பதிவு நடந்தவுடன் விவரம் தானாகவே வருவாய்த் துறைக்குப் போகிறது. ஒரு உட்பிரிவை முழுதாக விற்று, விற்றவர் பெயர் பட்டாவில் அப்படியே இருந்தால், கணினியே பெயரை மாற்றிவிடும் ஏற்பாடும் உண்டு. பாதியை மட்டும் விற்றால் புதிய உட்பிரிவு போட வேண்டும். சர்வேயர் வந்து அளந்து, படம் வரைந்து, பிறகுதான் ஒப்புதல். தாமதம் பெரும்பாலும் இதில்தான். பல ஆண்டுக்கு முன் வாங்கிப் பெயர் மாற்றாமல் விட்டவர்கள் இ-சேவை மையம் வழியாகவோ, வருவாய்த் துறையின் தமிழ் நிலம் தளத்தில் தாங்களாகவோ விண்ணப்பிக்கலாம். விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள்; எந்த மேசையில் நிற்கிறது என்று அதை வைத்துத்தான் பார்க்க முடியும்.

அப்பா, தாத்தா பெயரில் இருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். வாரிசுகள் எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டா வரும். தனிப்பட்டா வேண்டுமென்றால் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரமோ, மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ தேவை. இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டிக்கொடுத்த பெண் பிள்ளைகளின் பெயரை விட்டுவிட்டு மகன்கள் மட்டும் பட்டா மாற்றிக்கொள்வது இன்னும் நடக்கிறது. இந்துக் குடும்பங்களில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தரும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-இலேயே வந்துவிட்டது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. விட்டுப்போன சகோதரி பின்னர் வழக்குப் போட்டால் மாற்றிய பட்டாவும் விற்ற பத்திரமும் சேர்ந்து ஆட்டம் காணும். அது சட்டச் சிக்கல் மட்டுமில்லை, அவர்களுக்குச் செய்யும் அநியாயமும்கூட. வாங்குகிறவர்களும் வாரிசுச் சான்றில் உள்ள எல்லாப் பெயரும் பத்திரத்தில் கையெழுத்திட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தவறு இருந்தால்

1979-இல் தொடங்கி 1987 வரை தமிழ்நாட்டில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யுடிஆர் என்றால் எல்லா அலுவலகத்திலும் தெரியும். ஏக்கர் கணக்கு ஹெக்டேர் ஆனது அப்போதுதான். நிலத்தை அனுபவித்து வந்தவர்கள் பெயரில் பட்டா கொடுக்கப்பட்டதும் அப்போதுதான். அந்த வேலையில் பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, பங்காளி பெயர் மட்டும் ஏறியது என்று நிறைய நடந்திருக்கிறது. பிற்பாடு அந்த ஏட்டைக் கணினியில் ஏற்றியபோது தவறும் சேர்ந்தே ஏறியது. அதனால் உங்கள் பட்டாவில் பிழை இருந்தால் அது எப்போது நுழைந்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள். யுடிஆருக்கு முந்தைய அ பதிவேடு, யுடிஆர் அ பதிவேடு, இன்றைய கணினிப் பிரதி மூன்றையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். தட்டச்சுப் பிழை என்றால் வட்டாட்சியர் அலுவலகத்தில் கணினித் திருத்தமாக முடிந்துவிடும். யுடிஆர் காலத்துப் பிழை என்றால் பழைய ஆவணங்களோடு மேல்மட்டத்தில் மனு செய்து விசாரணைக்குப் போக வேண்டியிருக்கும். நிலம் யாருடையது என்பதே தகராறு என்றால் எந்த வருவாய் அதிகாரியாலும் தீர்க்க முடியாது, உரிமையியல் நீதிமன்றம்தான்.

கிஸ்தி, பசலி, ரசீது

நிலவரி, கிஸ்தி, தீர்வை, கந்தாயம் என்று ஊருக்கு ஒரு பெயர் இருக்கும். கணக்கு பசலி ஆண்டில் ஓடுகிறது: ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். தொடங்கும் ஆண்டில் 590-ஐக் கழித்தால் பசலி எண் கிடைக்கும். 2025 ஜூலையில் தொடங்கியது பசலி 1435.

கிராம நிர்வாக அலுவலரிடம், அதாவது விஏஓவிடம், கட்டி ரசீது வாங்கலாம். தீர்வையோடு உள்ளாட்சிக்கான தலமேல்வரியும் சேரும். புன்செயாகக் கணக்கில் இருக்கும் நிலத்துக்கு அரசு வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சினால் தீர்வை ஜாஸ்தி என்று தனியாக வரும். பெரிய வறட்சி வந்தால் அரசு நிலவரியைத் தள்ளுபடி செய்யும்; 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தபோது அப்படிச் செய்தார்கள். தொகை சிறியது என்பதால் பலரும் பத்துப் பன்னிரண்டு வருடம் கட்டாமலே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள் என்பதுதான் என் கருத்து. ஒவ்வொரு பசலிக்கும் உங்கள் பெயரில் ரசீது இருப்பது, நிலம் உங்கள் அனுபவத்தில் தொடர்ந்து இருக்கிறது என்பதற்கு நல்ல சான்று. அதோடு, வெளியூரில் இருப்பவர் வருடம் ஒருமுறை விஏஓவைப் பார்த்தால் நிலத்தில் என்ன நடக்கிறது என்ற தகவலும் கிடைக்கும். வேறு யாராவது உங்கள் நிலத்துக்குக் கிஸ்தி கட்டிக்கொண்டிருந்தால் அதையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதவை இரண்டு. ஊராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி வேறு. அதை இப்போது ஊரக வளர்ச்சித் துறையின் தளத்தில் இணைய வழியிலேயே கட்டலாம். வீட்டு வரி ரசீது அடிமனைக்குப் பட்டா ஆகாது. இன்னொன்று பி மெமோ. அரசுப் புறம்போக்கில் அனுமதியில்லாமல் இருப்பவர்களிடம் 1905-ஆம் ஆண்டின் ஆக்கிரமிப்புச் சட்டப்படி வாங்கும் தொகை அது. இருபது வருடம் பி மெமோ கட்டியிருக்கிறேன், இது என் நிலம்தான் என்று விற்க வருபவர்கள் உண்டு. அந்த ரசீது நிலம் அரசுடையது என்பதற்குத்தான் சாட்சி. அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

அடங்கலும் ஜமாபந்தியும்

பட்டா நிலம் யார் பெயரில் என்று சொல்லும். இந்தப் பசலியில் அங்கே என்ன பயிர் என்று அடங்கல் சொல்லும். கிராமக் கணக்கில் இது இரண்டாம் எண். நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலும், பயிர்க் காப்பீட்டிலும், கூட்டுறவுச் சங்கக் கடனிலும் சிட்டாவோடு அடங்கலையும் கேட்பார்கள். நீங்கள் நெல் போட்டிருக்க, அடங்கலில் தரிசு என்று இருந்தால் இழப்பீடு வராது. விதைத்ததும் விஏஓவிடம் சொல்லிப் பதியவைப்பது விவசாயிகள் தவறாமல் செய்ய வேண்டிய வேலை. குத்தகைக்கு விட்டிருப்பவர்கள், உழுகிறவர் பெயரைப் பதிவதை மறுக்காதீர்கள். வெள்ளம் வந்தால் நஷ்டம் அவருடையது.

பசலி முடியும் நேரத்தில், பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், ஒவ்வொரு வட்டத்திலும் ஜமாபந்தி நடக்கும். மாவட்ட ஆட்சியரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரிகளோ வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்து கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்வார்கள். வரி எவ்வளவு வந்தது, எவ்வளவு நிலுவை என்று பார்ப்பார்கள்; நிலம் அளக்கும் சங்கிலியைக்கூட நீட்டி அளவு சரியாக இருக்கிறதா என்று சோதிப்பார்கள். அன்றைக்கு மக்களிடம் மனுவும் வாங்குவார்கள். எந்தக் குறுவட்டத்துக்கு (வட்டத்துக்குள் சில கிராமங்கள் சேர்ந்த பிரிவு) எந்தத் தேதி என்று முன்னதாக அறிவிப்பு வரும். விண்ணப்பம் மாதக்கணக்கில் நகரவில்லை என்றால், விண்ணப்ப எண், சிட்டா, பத்திர நகல் ஆகியவற்றை இணைத்து அன்று நேரில் கொடுங்கள். கிராமக் கணக்கும் விஏஓவும் வட்டாட்சியரும் ஒரே அறையில் இருக்கும் நாள் அது. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். பட்டா மாறுதல் மறுக்கப்பட்டால் காரணத்தோடு எழுத்துமூலமான உத்தரவைக் கேட்டு வாங்குங்கள். அந்த உத்தரவை வைத்துத்தான் 1983-ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் செய்ய முடியும்.